கணக்குச் சொன்னவர் மேல் வழக்கு

ஒரு நாட்டின் பற்றாக்குறை இவ்வளவு என்று கணக்கிட்டுச் சொன்னதற்காக ஒருவர் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டுமா? கிரீஸில் நின்றார். ஆந்த்ரேயாஸ் ஜார்ஜியூ சர்வதேச நாணய நிதியத்தில் 21 ஆண்டு வேலை பார்த்தவர். 2010 ஆகஸ்டில் ஏதென்ஸ் திரும்பி, அந்த ஆண்டுதான் உருவாகியிருந்த எல்ஸ்டாட் என்ற கிரேக்கப் புள்ளியியல் ஆணையத்துக்குத் தலைவரானார். நவம்பரில் ஓர் எண் வெளிவந்தது. 2009-ஆம் ஆண்டில் கிரேக்க அரசின் பற்றாக்குறை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 15.4 சதவீதம். பதவியை விட்டுப் போன பிறகும் அந்த எண் அவரை விடவில்லை.

அவரைப் பற்றியும், அரசுப் புள்ளியியலாளர்களுக்கு வரும் நெருக்கடி பற்றியும் ஏகப்பட்ட நம்பிக்கைகள் உலவுகின்றன. சிலவற்றை எடுத்துப் பார்க்கலாம்.

“அவர் எண்ணை ஊதிக் காட்டினார், நாடு கடனில் மாட்டிக்கொண்டது”

தேதிகளைப் பார்த்தாலே இந்தக் கதை நிற்காது. 110 பில்லியன் யூரோ மீட்புக் கடனுக்கு ஒப்புதல் ஆனது 2010 மே மாதம். ஜார்ஜியூ நாற்காலியில் உட்கார்ந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து.

எண்ணும் ஒரே நாளில் குதிக்கவில்லை. 2009-க்கான பற்றாக்குறை 3.7 சதவீதமாக இருக்கும் என்று அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் கிரீஸ் ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டுக்கு எழுதிக் கொடுத்தது. அக்டோபரில் ஆட்சி மாறியதும் அது 12.5 ஆனது. 2010 ஏப்ரலில் 13.6. முழுப் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே வந்தது அப்போதே. ஜார்ஜியூ காலத்தில் கூடியது கடைசி 1.8 புள்ளி மட்டும்.

அந்தக் கடைசிப் பகுதி எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் கணக்கு விதிகளில் ஒரு சோதனை உண்டு. அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் தன் விற்பனையில் ஈட்டும் பணம், அதன் உற்பத்திச் செலவில் பாதியைக்கூட எட்டவில்லை என்றால், பெயர்ப் பலகையில் கம்பெனி என்று எழுதியிருந்தாலும் கணக்கில் அது அரசின் ஓர் அங்கம். அதன் நஷ்டமும் கடனும் அரசின் தலையில்தான் ஏற வேண்டும். கிரேக்க ரயில்வே உட்பட நஷ்டத்தில் ஓடிய பொது நிறுவனங்கள் பல ஆண்டுகளாகக் கம்பெனி வேடத்தில் வெளியே நின்றிருந்தன. நவம்பரில் அவை உள்ளே வந்தன. சமூகப் பாதுகாப்பு நிதியங்களின் உபரி என்று காட்டப்பட்டதும் குறைக்கப்பட்டது. 2001-ல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியோடு செய்த பரிவர்த்தனையால் கண்ணில் படாமல் இருந்த கடனும் கடன் பட்டியலில் சேர்ந்தது. ஒவ்வொன்றும் யூரோஸ்டாட் கேட்டுக்கொண்டிருந்த விஷயம்.

ஆனாலும் 2013-ல் அவர் மீதும் ஆணையத்தின் இரண்டு அதிகாரிகள் மீதும் குற்றச்சாட்டு பதிவானது. பற்றாக்குறையைச் செயற்கையாகப் பெருக்கி நாட்டுக்கு 171 பில்லியன் யூரோ நஷ்டம் உண்டாக்கினார்கள் என்று. மூடுவதும் மீண்டும் திறப்பதுமாக இழுத்த அந்த வழக்கிலிருந்து அவர் விடுபட 2019 ஆகிவிட்டது. இதற்கிடையில் கிரீஸ் கடன் கொடுத்தவர்களோடு பேரம் பேச உட்கார்ந்தபோதெல்லாம் மேசையில் விரித்தது அதே எண்களைத்தான்.

“நாலு பேர் கூடி முடிவு செய்வதுதானே ஜனநாயகம்?”

கேட்க நியாயமாக இருக்கிறது. ஜார்ஜியூவுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்ததும் இந்த நியாயம்தான். எண் தவறு என்று எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை. 2016 டிசம்பரில் கடமை மீறல் குற்றச்சாட்டுகளிலிருந்து கீழ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த விடுதலை ரத்து செய்யப்பட்டு, 2017 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறை விதித்து அதை நிறுத்திவைத்தது. செய்த குற்றம்: பற்றாக்குறை எண்ணை யூரோஸ்டாட்டுக்கு அனுப்பும் முன் ஆணையத்தின் நிர்வாகக் குழுவில் வாக்கெடுப்புக்கு விடவில்லை.

வாக்கெடுப்பு என்றால் எதன் மேல்? குழுவில் பெரும்பான்மை கை தூக்கினால் ரயில்வேயின் டிக்கெட் வருமானம் அதன் செலவில் பாதியைத் தாண்டிவிடுமா? எந்த முறையில் கணக்கிடுவது, எந்த விதி எங்கே பொருந்தும் என்று வல்லுநர்கள் உட்கார்ந்து விவாதிப்பது நல்லது, அவசியமும்கூட. ஆனால் அது விடை தெரிவதற்கு முன் நடக்க வேண்டிய விவாதம். விடையைக் கண்ணால் பார்த்த பிறகு அதன் மேல் ஓட்டுப் போடுவது கணக்குப் போடுவது ஆகாது, பேரம் பேசுவது. ஐரோப்பியப் புள்ளியியல் நடைமுறை நெறிகள் இதனால்தான் முறை, உள்ளடக்கம், வெளியிடும் நேரம் ஆகியவற்றை முடிவு செய்யும் பொறுப்பைப் புள்ளியியல் அலுவலகத் தலைவர் ஒருவரிடமே விட்டிருக்கின்றன. ஜார்ஜியூ செய்தது அந்த நெறியைப் பின்பற்றியது.

அந்த நெறிக்குச் சட்டப்படி என்ன பொருள் என்று லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திடம் கேளுங்கள் என்று அவர் தரப்பு வேண்டியது. கிரேக்க உச்ச நீதிமன்றம் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்று ஒரு வரி காரணமும் எழுதவில்லை. 2018-ல் தண்டனை உறுதியானது. நியாயமான விசாரணைக்கான அவருடைய உரிமை இதில் மீறப்பட்டது என்று ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

இன்னொரு வழக்கு இதைவிட விசித்திரம். தனக்கு முந்தைய கணக்குகளை விமர்சித்து 2014-ல் ஜார்ஜியூ ஓர் அறிக்கை விட்டார். பழைய தேசியக் கணக்குப் பிரிவுத் தலைவர் மான நஷ்ட வழக்குப் போட்டார். சொன்னது உண்மையாக இருந்தாலும் ஒருவர் பெயரைக் கெடுத்தால் குற்றம் என்ற சட்டம் அப்போது கிரீஸில் இருந்தது. அதன்படி தோற்றது ஜார்ஜியூ.

“அழுத்தம் என்றால், எண்ணை மாற்று என்று மந்திரி போன் செய்வது”

அப்படிச் செய்யும் மந்திரி அனுபவம் போதாதவர். கைதேர்ந்தவர்கள் எண்ணைத் தொடுவதில்லை. தேதியைத் தொடுவார்கள், கேள்வித்தாளைத் தொடுவார்கள், ஆளை மாற்றுவார்கள்.

அர்ஜென்டினாவில் 2007 ஜனவரியில் நுகர்வோர் விலைக் குறியீட்டுப் பிரிவின் தலைவராக இருந்த கிராசியேலா பெவாக்குவா நீக்கப்பட்டார். அதற்கு முன் உள்நாட்டு வர்த்தகத் துறைச் செயலர் அவரிடம் கேட்டது, எந்தெந்தக் கடைகளில் விலை எடுக்கிறீர்கள் என்ற பட்டியல். அவர் கொடுக்கவில்லை. தகவல் தந்தவர் யார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது புள்ளியியல் சட்டம். அந்தப் பட்டியல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் கடை என்று தெரிந்துவிட்டால் அந்தக் கடையில் மட்டும் விலையைப் பிடித்து வைத்தால் போதும், யாரும் யாருடைய எண்ணையும் திருத்த வேண்டியதில்லை. ஆசைக்குக் காரணமும் இருந்தது. அரசு வெளியிட்டிருந்த கடன் பத்திரங்களில் ஒரு பகுதி பணவீக்கத்தோடு கட்டப்பட்டவை. குறியீடு குறைந்தால் கட்ட வேண்டிய பணமும் குறையும்.

பிறகு அரசு சொன்ன பணவீக்கம் 10 சதவீதத்தை ஒட்டியும், தனியார் மதிப்பீடுகள் 20-க்கு மேலும் ஓடின. 2011-ல் தனி மதிப்பீடு வெளியிட்ட நிறுவனங்களுக்குத் தலா ஐந்து லட்சம் பெசோ அபராதம் போட்டார்கள். பெவாக்குவாவும் தப்பவில்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: எதிர்க்கட்சி எம்.பி.க்கள் தங்களுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பைப் பயன்படுத்தி, தனியார் மதிப்பீடுகளின் சராசரியை மாதாமாதம் நாடாளுமன்றத்தின் பெயரில் வெளியிட்டார்கள். விலைவாசி எவ்வளவு ஏறியது என்று சொல்ல எம்.பி. பதவி தேவைப்பட்ட நாடு அது.

டெல்லியில் நடந்தது தேதி விளையாட்டு. சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, புள்ளிவிவரங்களைக் கண்காணிக்கச் சட்ட அதிகாரத்தோடு ஓர் ஆணையம் வேண்டும் என்று 2001-ல் சொன்னது. வந்தது, வெறும் அரசுத் தீர்மானத்தில் நிற்கும் தேசியப் புள்ளியியல் ஆணையம். 2017-18-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு ஆய்வறிக்கைக்கு அந்த ஆணையம் 2018 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. அறிக்கை வெளிவரவில்லை. 2019 ஜனவரி இறுதியில் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் விலகினார்கள். சில நாளில் ஒரு நாளிதழ் அறிக்கையைக் கசியவிட்டது. வேலையின்மை 6.1 சதவீதம். அது இறுதி அறிக்கையே அல்ல என்றது நிதி ஆயோக். தேர்தல் முடிந்து புது அரசு பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று, அறிக்கை வந்தது. அதிலும் 6.1தான்.

“திருத்தினால் முதலில் சொன்னது பொய்”

2025 ஆகஸ்ட் 1. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் ஜூலையில் 73,000 வேலைகள் கூடின என்றது. கூடவே மே மாதத்துக்கு முன்பு சொன்ன 1,44,000-ஐ 19,000 என்றும், ஜூனுக்குச் சொன்ன 1,47,000-ஐ 14,000 என்றும் திருத்தியது. அன்றே அதன் ஆணையர் எரிகா மெக்கென்டார்ஃபரை அதிபர் டிரம்ப் பதவி நீக்கினார். எண்கள் ஜோடிக்கப்பட்டவை என்றார், ஆதாரம் எதுவும் காட்டவில்லை.

அந்த எண் தயாராகும் விதம் தெரிந்தவர்களுக்கு இதில் மர்மம் இல்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தனியார் நிறுவனங்களையும் அரசு அலுவலகங்களையும் கேட்டு வாங்கும் கணக்கு அது. முதல் வெளியீட்டு நாளுக்குள் எல்லோரும் பதில் அனுப்புவதில்லை. தாமதமாக வரும் பதில்களைச் சேர்த்து அடுத்த இரண்டு மாதமும் எண்ணைத் திருத்துகிறார்கள். எந்த நாளில் திருத்தம் வரும் என்பதும் முன்பே அறிவித்த அட்டவணையில் இருக்கிறது. ஆணையர் உட்கார்ந்து கூட்டிக் கழிப்பதும் இல்லை. டிரம்பே தன் முதல் ஆட்சியில் நியமித்த முன்னாள் ஆணையர் வில்லியம் பீச் இந்த நீக்கத்தைக் கண்டித்தார். எனக்கென்னவோ, ஒருமுறை சொன்ன எண்ணை எந்தக் காலத்திலும் திருத்தாத அலுவலகத்தின் மேல்தான் சந்தேகம் வரும்.

“எண்ணை மறைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?”

சோவியத் ஒன்றியத்தில் 1937 ஜனவரி 6 அன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1933 முடிவிலேயே 16.8 கோடி பேர் இருந்ததாக ஸ்டாலின் கட்சி மாநாட்டில் அறிவித்திருந்தார். எண்ணிப் பார்த்தபோது கிடைத்தது 16.2 கோடி. பஞ்சத்தில் செத்தவர்கள் அந்த இடைவெளிக்குள் இருந்தார்கள். கணக்கெடுப்பு செல்லாது என்று அறிவித்துவிட்டு, அதை நடத்திய கிவித்கினையும் புள்ளியியல் துறைத் தலைவர் கிராவலையும் சுட்டுக் கொன்றார்கள். 1939-ல் மறுபடி எண்ணி, 17 கோடி என்றார்கள். பழைய முடிவுகள் வெளியே வர அரை நூற்றாண்டு ஆனது.

ஜனநாயகத்தில் துப்பாக்கி இல்லை. ஆனால் கணக்கில் ஓட்டை விழுவது ஒன்றுபோலத்தான். இந்தியாவின் 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வில் தலைக்குச் செலவு குறைந்திருப்பதாகச் செய்தி கசிந்தது. தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் அந்த ஆய்வையே அரசு கைவிட்டது. அடுத்த ஆய்வு 2022-23-ல். 2011-12-க்குப் பிறகு பதினோரு ஆண்டு, நாட்டில் எத்தனை பேர் ஏழைகள் என்பதற்கு அவரவர் வசதிப்படி ஒரு மதிப்பீடு வைத்துக்கொண்டு சண்டை போட்டோம்.

“நேர்மையானவர் என்றால் ராஜினாமா செய்ய வேண்டியதுதானே”

சில நேரம், ஆமாம். கனடாவில் 2010-ல் கட்டாய விரிவான கணக்கெடுப்புப் படிவத்தை நீக்கி, விரும்பினால் நிரப்பலாம் என்ற ஆய்வைக் கொண்டுவந்தார்கள். புள்ளியியல் அலுவலகத்துக்கும் இதில் சம்மதம் என்பதுபோல அமைச்சர் பேசினார். தலைமைப் புள்ளியியலாளர் முனீர் ஷேக், ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது என்று எழுதிவைத்துவிட்டு விலகினார். தன் பெயரால் ஒரு பொய் உலவும்போது அதை உடைக்க வேறு வழி இல்லை. 2016-ல் கட்டாயப் படிவம் திரும்பி வந்தது.

ஆனால் ஜார்ஜியூ 2011-லேயே, குழு உறுப்பினர்கள் வெளிப்படையாகத் திட்டத் தொடங்கிய நாளிலேயே கிளம்பியிருந்தால்? அடுத்து வருபவர் எந்த எண்ணில் கை வைக்கக் கூடாது என்பதை அன்றே புரிந்துகொண்டிருப்பார். அவர் ஐந்தாண்டு பதவிக்காலத்தை முழுதாக இருந்து முடித்தார். அதற்கு முன் யூரோஸ்டாட் கிரீஸின் கணக்குகளை “சந்தேகத்துக்குரியவை” என்ற குறிப்போடு வெளியிடுவது வாடிக்கை. அவர் காலத்தில் அந்தக் குறிப்பு போய்விட்டது. 2015 ஆகஸ்டில் அவர் அலுவலகத்தை விட்டு இறங்கியபோது வழக்குகள் மட்டும் பாக்கி இருந்தன.