செய்நிரலுக்கும் பாயிரம் உண்டு

நூலின் முன்னே பாயிரம் நிற்றல் தமிழ் மரபு. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் சிறப்புப் பாயிரம் உணர்த்தல் வேண்டுமென நன்னூல் விதிக்கின்றது. கணினியிலே கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கப்படும் செய்நிரல்கள் பலவும் தொடங்கியவுடன் திரையிற் சில வரிகளைக் காட்டுகின்றன. அவற்றை முகப்புரை என்போம். அதுவும் ஒருவகைப் பாயிரமே.

1982 ஆம் ஆண்டு வெளிவந்த கொமடோர் 64 என்னும் கணினி, இயக்கியதும் தன் பெயரையும் பேசிக் மொழியின் பதிப்பையும் கூறி, நிரல் எழுத 38911 பைற்று இடமுண்டென அறிவிக்கும். பைதன் மொழி தன் பதிப்பெண்ணையும் உதவி பெறும் வழியையும் காட்டும். பதிப்பறியாதான் வழுவின் காரணத்தை அறிதல் அரிது. ஆதலின் இவ்வரிகள் வீண் அலங்காரமல்ல.

ஆயினும், இடமறியாது நிற்கும் முகப்புரை கேடு விளைக்கும். எம் மாணவன் ஒருவன் வகுப்புப் புள்ளிகளைக் கூட்டும் செய்நிரலொன்றை எழுதினான். தொடக்கத்திலே கல்லூரியின் பெயரும் தன் பெயரும் ஒரு வரியில் விளங்கச் செய்தான். திரையில் அஃது அழகாகவே இருந்தது. வெளியீட்டைக் கோப்பொன்றிற் சேர்த்து, பட்டியல் அமைக்கும் மற்றொரு செய்நிரலுக்குக் கொடுத்தபோது, முகப்புரையே முதல் வரியாயிற்று. முதலாமவனுக்குப் புள்ளியில்லை; ஏனையோர் ஒவ்வொருவரும் தமக்கு முன்னுள்ளவரின் புள்ளியைப் பெற்றனர். யாமும் ஊன்றி நோக்காது கையொப்பமிட்டோம். நன்கு எழுதிய சிறுவன் ஒருவன் கண்கலங்கி வந்து நின்றபோதே பிழை புலனாயிற்று.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலாவது, எதிரே மனிதன் இருக்கின்றானா என்பதைச் செய்நிரல் சோதித்தறிதல். பைதன், ஒருவர் நேரே உரையாடும்போது முகப்புரை காட்டும். கோப்பிலுள்ள நிரலை இயக்கும்போது காட்டாது. இரண்டாவது, முகப்புரையை நியம வெளியீட்டில் இடாது, வழுச் செய்திகளுக்குரிய தனி வாய்க்காலிற் செலுத்துதல். அப்பொழுது கண்ணுக்கு அது தோன்றும், கோப்பினுட் புகாது. மூன்றாவது, வேண்டாதார் அதனை அடக்குதற்கு ஒரு தெரிவு வைத்தல். பைதனிலும் குனூவின் பிசி என்னும் கணிப்பானிலும் இவ்வசதி உண்டு.

மாணவர்காள்! உங்கள் செய்நிரலுக்குப் பெயரும் பதிப்பும் பயனும் கூறும் முகப்புரை எழுதுங்கள்; சுருங்க எழுதுங்கள். எழுதியபின், வெளியீட்டைக் கோப்பிற் சேர்த்து அதன் முதல் வரியை ஒருமுறை படித்துப் பாருங்கள். அப்பட்டியலிற் கையொப்பமிடுமுன் யாம் செய்யத் தவறியது அதுவே.