டிப்பர் லாரி எவ்வளவு சரளை சுமக்கும்?

சாலைப் பணிக்குச் சரளை வந்து இறங்கும்போது, ஒரு லாரிக்கு எவ்வளவு ஏற்றலாம் என்ற வினா எழுகின்றது. ‘பெட்டி நிறையும் வரை’ என்பதே பலர் கூறும் விடை. ஆனால் பெட்டியின் கொள்ளளவு வேறு. லாரி சுமக்கத்தக்க எடை வேறு. இவ்வேறுபாட்டை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முதலில் சரளையை நோக்குவோம். உலர்ந்து தளர்வாகக் கிடக்கும் சரளை, கற்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தையும் சேர்த்து அளந்தால், கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.6 டன் எடையுள்ளது. மணலும் மண்ணும் கலந்து மழையில் நனைந்த சரளையோ 2 டன் வரை இருக்கும். மகாராஷ்டிரத்தில் ‘பிராஸ்’ என்றும் தமிழ்நாட்டில் ‘யூனிட்’ என்றும் வழங்கும் 100 கன அடி, 2.83 கன மீட்டருக்குச் சமம். ஆகவே ஒரு யூனிட் சரளை உலர்ந்த நிலையில் சுமார் 4.5 டன்னும், நனைந்த நிலையில் சுமார் 5.7 டன்னும் இருக்கும்.

அடுத்து வண்டி. 2018-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மத்திய அரசின் வரம்புகளின்படி, இரு டயர்களுள்ள முன் அச்சு 7 டன்னும், நான்கு டயர்களுள்ள தனிப் பின் அச்சு 11.5 டன்னும், எட்டு டயர்களுள்ள இரட்டைப் பின் அச்சு 21 டன்னும் தாங்கலாம். இவற்றைக் கூட்டின், ஆறு சக்கர டிப்பருக்கு 18.5 டன்னும், பத்துச் சக்கர டிப்பருக்கு 28 டன்னும் மொத்த எடையாகும். எனினும் அந்தந்த வண்டியின் பதிவுச் சான்றிதழில் கண்ட எடையே முடிவானது. அதிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதே சுமக்கத்தக்க சுமை.

வெற்று எடை முறையே 7 டன், 10 டன் எனக் கொள்வோம்.

ஆறு சக்கரம்: சுமை 11.5 டன், உலர் சரளை 7.2 கன மீட்டர், நனைந்தது 5.75 கன மீட்டர்.
பத்துச் சக்கரம்: சுமை 18 டன், உலர் சரளை 11.25 கன மீட்டர். நனைந்தது 9 கன மீட்டர்.

ஆறு சக்கர வண்டியின் பெட்டி 4 மீட்டர் நீளமும் 2.1 மீட்டர் அகலமும் 0.8 மீட்டர் உயரமும் உடையதாயின், கொள்ளளவு 6.72 கன மீட்டர். சமமாக நிரப்பிய உலர் சரளை 10.75 டன், இது வரம்புக்குள் அடங்கும். அதே அளவு நனைந்த சரளை 13.4 டன், ஏறத்தாழ 2 டன் மிகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

இம்மிகை சாலையைக் கெடுக்கும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையின் முடிவுகளிலிருந்து, சேதம் அச்சுச் சுமையின் நான்காம் படிக்கு ஏற்ப ஏறத்தாழப் பெருகுவதாக அறியப்பட்டது. பின் அச்சின் சுமை 15 விழுக்காடு மிகுந்தால் சேதம் சுமார் 1.75 மடங்காகும். தடையிட்டு வண்டியை நிறுத்தத் தேவைப்படும் தூரமும் நீளும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். 10 லிட்டர் வாளியில் சரளையை நிரப்பி, வாளியின் எடையைக் கழித்து நிறுக்கவும். கிடைக்கும் கிலோகிராமைப் பத்தால் வகுத்தால், கன மீட்டருக்கு இத்தனை டன் என்ற விடை வரும். அதே சரளையை நனைத்து மீண்டும் நிறுத்தால் வேறுபாடு விளங்கும்.

களப்பணியாளர்கள் மழைக்காலத்தில் மேற்கண்ட பெட்டியின் உட்புறத்தில் 68 சென்டிமீட்டர் உயரத்தில் கோடிட்டு, அதற்குமேல் ஏற்றாதிருத்தல் நலம். ஐயம் எழுந்தால் எடைமேடையே தீர்ப்பளிக்கும்.