மஞ்சளாகும் இலைக்கு அன்னபேதி

கேள்வி: சிமென்ட் கல் அடுக்கி மேட்டுப்பாத்தி கட்டி, போர் தண்ணீர் ஊற்றுகிறேன். வெண்டையின் இளம் இலைகள் மஞ்சளாகின்றன. நரம்பு மட்டும் பச்சை. எலுமிச்சைச் சாறு ஊற்றினால் மண் சரியாகுமா?
– வாசகி, கும்மிடிப்பூண்டி

மண்ணில் ஊற்ற வேண்டாம் அம்மா, அதன் வேலை சில நாளில் தீர்ந்துவிடும். பயப்படவும் வேண்டாம். இது மஞ்சள் நரம்பு நோய் அல்ல, அதில் நரம்புதான் முதலில் மஞ்சளாகும். உங்கள் செடிக்கு இரும்புச்சத்துக் குறைவு. சிமென்ட்டும் உப்புத் தண்ணீரும் மண்ணைக் காரமாக்கியிருக்கும். அப்போது மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

அளந்து பார்த்துவிடுங்கள். நாலைந்து இடத்தில் அரை அடி ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்துங்கள். 20 கிராம் மண்ணுக்கு 50 மில்லி பேட்டரி தண்ணீர் (புட்டியில் விற்கும் காய்ச்சி வடித்த நீர்தான், ஆசிட் அல்ல, குழாய்த் தண்ணீர் கணக்கைக் கெடுத்துவிடும்). அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி, தெளிந்த நீரில் பி.எச். தாளைத் தோயுங்கள். 7.5-க்கு மேல் காட்டினால் சதுர மீட்டருக்கு 50 கிராம் கந்தகத் தூளும் நிறைய மட்கிய தொழுவுரமும் மேல்மண்ணில் கலந்துவிடுங்கள். கந்தகத்தை நுண்ணுயிர்கள் அமிலமாக்க நாளாகும். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அடுப்புச் சாம்பல் போடவே கூடாது.

அதுவரை, லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, மாலையில் இலையில் தெளியுங்கள். எலுமிச்சையில் பாதியை இதில் பிழியலாம்.

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்தில் இருப்பதால் ஒன்று முக்கியம்: பி.எச். 6.5-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஆலைப் புழுதியில் ஈயம் கலந்திருந்தால், புளித்த மண்ணில்தான் அது செடிக்குள் எளிதாக ஏறும். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் உங்கள் மண்ணைக் காட்டி ஆலோசனை கேளுங்கள். போர் தண்ணீருக்குப் பதில் ஐப்பசி மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.