ஊரைக் கேட்டு ஆளப்படும் காடு

வனவியல் படிப்பில் அடியெடுத்து வைக்கும் அன்புள்ள மாணவருக்கு,

அரசுக்கு உரிமையான காட்டை, அதன் ஓரத்தில் குடியிருப்போரைக் கலந்துகொண்டே நிர்வகிக்க வேண்டும் என்பதை இன்று வெளிப்படையாக மறுத்துப் பேசுவோர் அரிது. யாரை, எதைப் பற்றி, எந்தக் கட்டத்தில் கேட்பது என்பதில்தான் நடைமுறைகள் பிரிகின்றன. பத்தாண்டுக்கான வேலைத் திட்டம் எழுதி முடிந்த பின் ஊர்ச்சாவடியில் ஒரு கூட்டம் கூட்டி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவதும் கலந்தாலோசனை என்றே கோப்பில் ஏறுகிறது. எந்த மாதம் புல் அறுப்பது, எந்தச் சரிவில் மாடு இறங்கக் கூடாது, மீறியவருக்கு என்ன தண்டம் என்பவற்றை ஊரே முடிவு செய்ய, அம்முடிவை அரசு ஏற்று நடப்பதும் அதே பெயரில்தான் வழங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்க்க இந்தியாவில் குமாவோனைவிடத் தெளிவான இடம் கிடைப்பது கடினம் என்பதால், இக்கடிதம் பெரும்பாலும் அந்த மலைநாட்டைப் பற்றியே பேசுகிறது.

இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்தின் கிழக்குப் பாதியான குமாவோனில், அல்மோரா, நைனிடால், பித்தோராகர் முதலிய மாவட்டங்களில், வயல் என்பது மலைச்சரிவில் படிப்படியாக வெட்டப்பட்ட குறுகிய பாத்திகளே. அவற்றுக்கு உரம் தருவது மேலே உள்ள காடு. பாஞ்ச் எனப்படும் ஓக் மரத்தின் தழை மாட்டுக்குத் தீவனமாகவும், அதன் சருகு தொழுவத்தில் மாட்டுக்குப் படுக்கையாகவும் பயன்பட்டு, சாணத்தோடு மட்கி எருவாகி வயலுக்கு வருகிறது. ஆகவே அங்கே காடு இல்லாத வேளாண்மை என்று ஒன்றில்லை. அக்காடுகளின் மற்றொரு முக்கிய மரமான சீர் எனும் பைன், ரயில் தண்டவாளக் கட்டைக்கும், பட்டையைக் கீறி எடுக்கும் பிசினுக்கும் விலைபோவது. பைன் மரத்தடியில் உதிர்ந்த ஊசியிலை மெத்தை போல் மூடிக்கொள்வதால் புல் முளைப்பதில்லை; எனவே கோடைக்கு முன் அதற்குத் தீ வைத்து இளம்புல்லை வரவழைப்பது ஊராரின் நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஒரே சரிவு ஊருக்குத் தழையும் புல்லுமாகவும், அரசுக்குக் கட்டையும் பிசினுமாகவும் தெரிந்தது என்பதே பின்னர் வந்த எல்லாப் பிணக்குக்கும் வேர்.

1823-இல் ஆங்கில அரசு ஊர் எல்லைகளைக் குறித்தபோது, அந்த எல்லைக்குள் அடங்கிய காடு தங்களுடையதே என்று மலைமக்கள் எடுத்துக்கொண்டனர். 1893-இல் பயிரிடப்படாத, அளக்கப்படாத நிலம் முழுவதும் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 1911-க்கும் 1917-க்கும் இடையில் அதில் பெரும்பகுதி காப்புக்காடாக மாற்றப்பட்டது. காப்புக்காடு என்பது, வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டவை தவிர மற்ற எல்லாப் பயன்பாடும் குற்றமாகக் கருதப்படும் காடு. மேய்ச்சலுக்கு வரம்பு, தழை ஒடிப்பதற்கு வரம்பு, தீ வைப்பதற்கு முற்றான தடை என்று விதிகள் வந்தன. இவற்றோடு, சுற்றுப்பயணம் வரும் அலுவலரின் மூட்டையை ஊரார் முறைவைத்துச் சுமக்க வேண்டும் என்ற பேகார் கட்டாய உழைப்பும் சேர்ந்துகொண்டது. 1921 ஜனவரியில், பாகேசுவரத்தில் மகர சங்கராந்தித் திருவிழாவுக்குக் கூடிய மக்கள், பத்ரி தத் பாண்டே முதலிய தலைவர்களின் முன்னிலையில் பேகார் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர். அவ்வாண்டுக் கோடையில் காப்புக்காடுகள் பற்றி எரிந்தன. எரிந்தவை பெரும்பாலும் வணிக நோக்கில் வளர்க்கப்பட்ட பைன் காடுகள் என்பதையும், அரசின் கையிலேயே இருந்த அகன்ற இலை மரக்காடுகளை அத்தீ தொடாமல் விட்டது என்பதையும் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எடுத்துக்காட்டியிருக்கிறார். வெறும் கலகம் என்று அரசு எழுதி வைத்ததில், எந்தக் காடு எதற்கு என்ற தீர்மானமான கருத்து ஒன்று அடங்கியிருந்தது. கேட்க ஆள் இல்லாததால் அது தீயாக வெளிப்பட்டது.

அதன் பிறகே அரசு கேட்க வந்தது. 1921-இல் ஆணையர் விண்டம் தலைமையில் அமைந்த குமாவோன் காட்டுக் குறைகேட்புக் குழு, மலையூர்களைச் சுற்றி ஆயிரக்கணக்கானோரிடம் வாக்குமூலம் வாங்கியது. வணிக மதிப்புக் குறைந்த காடுகளை வனத்துறையின் பிடியிலிருந்து விடுவித்து வருவாய்த் துறையிடம் தர வேண்டும், ஊரின் கட்டுப்பாட்டில் ஊர்க்காடுகள் அமைய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. முதலாவது சில ஆண்டுகளிலேயே நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது 1931-இல் வன பஞ்சாயத்து விதிகளாக வடிவெடுத்தது. இன்று உத்தரகாண்டில் இத்தகைய பஞ்சாயத்துகள் பதினோராயிரத்தைத் தாண்டுகின்றன. வனவியல் படிப்போர் இங்கே கவனிக்க வேண்டியது காலவரிசையை: எல்லைக்கல் நட்டு, விதி எழுதி, வழக்குப் போட்டு, காடு எரிந்த பின் கேட்கப்பட்ட கருத்து அது. முன்பே கேட்டிருந்தால் அந்தப் பத்தாண்டு இழப்பு இரு தரப்புக்கும் நேர்ந்திராது.

வன பஞ்சாயத்து என்பது ஊரார் தேர்ந்தெடுக்கும் சில பஞ்சுகளும், அவர்களுக்குத் தலைவரான சர்பஞ்சும் கொண்ட குழு. நிலம் அரசுடையது, காட்டை அழித்து வயலாக்கவோ, விற்கவோ குழுவுக்கு உரிமை இல்லை. அன்றாட நிர்வாகம் மட்டும் அதன் கையில். நன்றாக நடக்கும் பஞ்சாயத்து ஒன்றின் ஆண்டு இப்படி நகர்கிறது: மழைக்காலம் தொடங்கியதும் புல் வளரட்டும் என்று காடு அடைக்கப்படுகிறது, மழை ஓய்ந்து புல் முற்றியதும், காடு திறக்கும் நாளைப் பஞ்சுகள் கூடி அறிவிக்கின்றனர், அன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், அரிவாளும் கயிறுமாக ஏறி, தங்கள் பங்குப் புல்லை அறுத்துக் கட்டி இறங்குகின்றனர். அடைத்த நாளில் உள்ளே பிடிபட்டவரின் அரிவாளைக் காவலர் வாங்கி வைத்துக்கொள்வார். தண்டம் கட்டித்தான் அதை மீட்க வேண்டும். தண்டத் தொகை சிறியதாகவே இருக்கும். ஆனால் அரிவாள் இல்லாமல் மறுநாள் மாட்டுக்குத் தீவனம் இல்லை என்பதாலும், யாருடைய அரிவாள் சர்பஞ்ச் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது என்பது ஊருக்கே தெரியும் என்பதாலும், நீதிமன்ற அபராதத்தைவிட அது கூர்மையாக வேலை செய்கிறது.

காவலருக்கான கூலியை வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரே திரட்டுவது இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. கூலி கொடுப்பவர் கணக்குக் கேட்பார். கணக்குக் கேட்பவர் காட்டைப் போய்ப் பார்ப்பார். குமாவோனை நெடுங்காலம் ஆராய்ந்த அருண் அகர்வால் 2005-இல் வெளியிட்ட நூலில், காட்டைக் காவல் காக்கும் வேலையிலும் தண்டிக்கும் வேலையிலும் நேரடியாகப் பங்கெடுத்தவர்களிடமே காட்டைப் பற்றிய அக்கறை வளர்ந்திருந்தது என்று காட்டுகிறார். அக்கறையுள்ளவர்கள் பங்கேற்பார்கள் என்று பொதுவாக எண்ணப்படுவதற்கு மாறாக, பங்கேற்பே அக்கறையை உண்டாக்கியது. பொதுவளம், அதாவது பலர் எடுக்கக்கூடியதும், ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறையக்கூடியதுமான வளம், எங்கே நிலைக்கிறது என்பதை உலகெங்கும் ஆராய்ந்து 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ராம் கண்டதும் இதற்கு நெருக்கமானது: விதியால் கட்டுப்படுவோரே விதியை மாற்றும் கூட்டத்திலும் இருக்க வேண்டும்; கண்காணிப்பவர் அவர்களுக்குப் பொறுப்புள்ளவராக இருக்க வேண்டும்; தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாகக் கூட வேண்டும்; இவற்றையெல்லாம் செய்துகொள்ளும் உரிமையை அரசு தட்டிப் பறிக்காமல் இருக்க வேண்டும்.

கடைசியில் சொன்னதுதான் நடைமுறையில் முதலில் முறிகிறது. பிசின் போன்ற விலைபோகும் பொருளால் வரும் வருமானத்தில் வனத்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் பெரும்பங்கு என்று 1976-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன; 2001-ஆம் ஆண்டு விதிகள் வனத்துறைப் பணியாளரைப் பஞ்சாயத்தின் செயல்பாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தன. காடு மதிப்பற்றதாக இருந்தபோது ஊரிடம் விடப்பட்டது, மதிப்பு வந்ததும் கணக்குக்குள் அரசு வந்து அமர்ந்தது என்று மலையூர்கள் குறைபட்டதில் நியாயம் உண்டு.

குமாவோனில் போராட்டத்தால் நேர்ந்தது, மேற்கு வங்கத்தின் அராபாரியில் ஒரு வன அலுவலரின் துணிவால் நேர்ந்தது. மேதினிப்பூர் மாவட்டத்தின் அந்தக் காடு, சால் எனப்படும் குங்கிலிய மரம் நிறைந்தது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்புடைய அம்மரம், ஓயாத வெட்டாலும் மேய்ச்சலாலும் புதராகக் குறுகிக் கிடந்தது. வனத்துறையின் மரவளர்ப்பு ஆய்வுப் பிரிவில் இருந்த அஜித் குமார் பானர்ஜி, காவலைப் பலப்படுத்தியும் பயனில்லாதது கண்டு, 1971–72 முதல் சுற்றியிருந்த 11 ஊர்களின் 618 குடும்பங்களோடு பேசத் தொடங்கினார். விறகும், தையல் இலை தைக்கச் சால் இலையும் காளானும் விதையும் எடுத்துக்கொள்ளலாம். காட்டுவேலையில் கூலி உண்டு. வளர்ந்த மரம் விற்கும்போது நிகர வருமானத்தில் 25 விழுக்காடு ஊருக்கு. அதற்கு ஈடாக ஏறத்தாழ 1,270 எக்டர் காட்டை ஊரார் காக்க வேண்டும் என்பது உடன்பாடு. மறுதாம்புத் துளிர்கள் ஓங்கி, பதினைந்து ஆண்டுகளில் காடு நிமிர்ந்தது. அந்தப் பங்கை முறையாக வழங்க அரசாணை வந்ததோ 1987-இல்தான். அதுவரை அலுவலர் ஒருவரின் சொல்லை நம்பியே ஊரார் காத்தனர்.

1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையும், 1990 ஜூன் 1 நாளிட்ட மத்திய அரசின் சுற்றறிக்கையும் இம்முறையைக் கூட்டு வன மேலாண்மை என்ற பெயரில் நாடெங்கும் பரப்பின. தமிழ்நாட்டில் 1997-இல் ஜப்பானியக் கடனுதவியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் அமைந்த கிராம வனக் குழுக்கள் இதே வழியில் வந்தவையே. ஆனால் பரவியதில் பெரும்பாலானவை அராபாரியின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. குழுவின் தலைவர் ஊர்க்காரர், உறுப்பினர் செயலர் வனவர் என்ற ஏற்பாட்டில், தீர்மானப் புத்தகமும் வங்கிக் கணக்கும் வனவர் கையில் இருந்தால், கூட்டம் எப்போது கூடும், எது பேசப்படும் என்பதும் அவர் கையிலேயே இருக்கும். திட்டப் பணத்தை நம்பிப் பிறந்த குழு, பணம் நின்றதும் கூட வேண்டிய காரணத்தையும் இழந்துவிடுகிறது.

இந்நிலையை மாற்றும் சட்ட வலு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் வந்தது. தான் வழிவழியாகக் காத்து வந்த சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை கிராம சபைக்கு உண்டு என்று அச்சட்டம் கூறுகிறது. மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் கோண்டு மக்கள் வாழும் மேந்தா லேகா என்ற சிற்றூர், 2009-இல் சுமார் 1,800 எக்டருக்கு இவ்வுரிமையைப் பெற்றது. எனினும் வெட்டிய மூங்கிலை வெளியே கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டை வனத்துறையே தர வேண்டும் என்ற நிலை நீடித்ததால், உரிமை தாளில் நின்றது. 2011-இல் அந்த அனுமதிச் சீட்டுப் புத்தகமே கிராம சபையிடம் ஒப்படைக்கப்பட்ட பின்தான் ஊர் தன் மூங்கிலைத் தானே விற்றது. எந்த ஊரின் பங்கேற்பையும் மதிப்பிட விரும்பும் மாணவர், சீட்டுப் புத்தகமும் தீர்மானப் புத்தகமும் யார் வீட்டில் இருக்கின்றன என்று முதலில் விசாரிப்பது நல்லது.

ஊர் என்பதும் ஒரே குரல் அன்று. காடு அடைக்கப்படும்போது சொந்த நிலமும் மரமும் உள்ளவர் பொறுத்துக்கொள்ளலாம். தலைச்சுமை விறகு விற்றுப் பிழைக்கும் நிலமற்ற பெண்ணுக்கோ அன்றைய வருமானமே போகிறது, அல்லது காவலற்ற அடுத்த காட்டுக்கு இன்னும் தொலைவு நடக்க வேண்டியிருக்கிறது. அப்போது ஒரு காடு தழைக்க, மற்றொன்று தேய்கிறது. புல்லும் விறகும் எங்கே எவ்வளவு என்பதை நாள்தோறும் அறிந்தவர்கள் பெண்களாக இருக்க, முடிவெடுக்கும் குழுவில் ஆண்களே அமர்ந்திருந்தது பல இடங்களின் நிலை. குஜராத்திலும் நேபாளத்திலும் ஊர்க்காட்டுக் குழுக்களை ஆராய்ந்த பினா அகர்வால், நிர்வாகக் குழுவில் பெண்களின் பங்கு நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை எட்டும்போதே அவர்கள் குரல் எடுபடுகிறது என்றும், பெண்கள் கூடுதலாக உள்ள குழுக்களின் காடு மேலான நிலையில் இருந்தது என்றும் 2010-இல் எழுதினார். ஆண்டுக்கு இருமுறை மட்டும் அவ்வழியே மந்தை ஓட்டிச் செல்லும் இடையர்களோ எந்த ஊரின் வாக்காளர் பட்டியலிலும் வராததால், இக்குழுக்கள் எதிலும் எளிதில் இடம்பெறுவதில்லை; இக்குறைக்கு இன்றுவரை நிறைவான தீர்வு காணப்படவில்லை.

குமாவோனின் இன்றைய சிக்கல் வேறு வகையானது. இளையோர் சமவெளி நகரங்களுக்குப் போய்விட்டனர். சமையல் எரிவாயு வந்தபின் விறகின் தேவை குறைந்தது. மாடு குறைய, சருகு அள்ள ஆளும் குறைந்தது. பிரூல் எனப்படும் பைன் ஊசியிலை அள்ளப்படாமல் குவிந்து, 2016-இலும் 2024-இலும் கோடைத் தீ மலைகளை உலுக்கியது. 2024-இல் மாநில அரசு பிரூலைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. ஆனால் முன்பு சருகை அள்ள வைத்தது விலை அன்று, வயலின் தேவை. தேவையால் காட்டோடு பிணைந்திருந்த அண்டை ஊர், கூலியால் பிணைந்த அண்டை ஊராக மாறும்போது, காடு திறக்கும் நாளை அறிவிக்கப் பஞ்சுகள் கூடுவார்களா, காவலர் கூலிக்கு வீட்டுப் பங்கு வருமா, தனிமையில் எஞ்சியிருக்கும் முதியவர்களும் பெண்களும் எவ்வளவு சுமையைத் தாங்குவார்கள் என்பவற்றை அடுத்த வேலைத் திட்டம் எழுதுவோர், எழுதத் தொடங்கும் முன்னரே ஊரில் போய்க் கேட்டாக வேண்டும்.