மென்னீர்க் கலம் பழுதானால்

கிராமங்களில் சுற்றுப் பயணம் செய்யுங்கால், ஒரு வீட்டின் நீர் எத்தகையது என்பதை நாம் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. திண்ணையில் கவிழ்த்து வைத்திருக்கும் பாத்திரங்களே அதனைக் கூறிவிடும். எவர்சில்வர்க் குடத்தின் மேல் வெண்ணிற வளையம், வெந்நீர்த் தவலையின் அடியில் சுண்ணாம்புப் பொருக்கு, எத்துணை தேய்த்தும் நுரைக்காத சோப்பு, எளிதில் வேகாத பருப்பு ஆகிய யாவும் கடின நீரின் அடையாளங்களாம். திறந்த கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பின்னர், பாறைப் பாங்கான நம் உள்மாவட்டங்களில் இத்தொல்லை மிகுந்துள்ளது. அதனைத் தொடர்ந்து, கடைகளில் 'சாஃப்ட்னர்' என்று வழங்கும் மென்னீர்க் கலமும் கிராமத்து வீடுகளிற் புகுந்து வருகிறது.

சென்ற கோடையில், நமது ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். கூட்டம் கலைந்த பின் உறுப்பினர் ஒருவர் தயங்கியவாறே நம்மிடம் வந்தார். "ஐயா, குழுவிலே கடன் வாங்கிச் சாஃப்ட்னர் வைத்தோம். ஆறு மாதம் நன்றாக இருந்தது. இப்போது பழையபடி உப்புப் படிகிறது. உள்ளே இருக்கிற மணியெல்லாம் கெட்டுப் போயிற்று, புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். பழைய கடனே பாதி நிற்கிறது. மறுபடியும் எந்த முகத்தோடு கடன் கேட்பது?" என்றார். அவரது வீட்டிற்குச் சென்று கண்டவற்றையும், பின்னர் நாமே கற்றுக்கொண்ட பாடம் ஒன்றையும் ஈண்டு எழுதுகிறோம்.

கலம் வேலை செய்யும் விதம்

நீரிற் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்களே கடினத்திற்குக் காரணம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம், கடினத்தன்மை இலிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை ஏற்கத் தக்கது என்றும், வேறு நீர்வளம் இல்லாதவிடத்து 600 வரை பொறுக்கலாம் என்றும் வரையறுத்துள்ளது.

மென்னீர்க் கலத்தினுள் கடுகினும் சிறிய செயற்கைப் பிசின் மணிகள் நிரப்பப்பட்டிருக்கும். இம்மணிகளில் சோடியம் ஒட்டியிருக்கும். கடின நீர் இவற்றினூடே செல்லுங்கால், மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொண்டு சோடியத்தை நீருக்குக் கொடுத்துவிடும். சோடியம் தீர்ந்ததும் கலம் ஓய்ந்துவிடும். அப்பொழுது உப்புநீரைச் செலுத்தினால் மணிகள் சோடியத்தை மீண்டும் பெறும். பிடித்து வைத்திருந்த கடினப் பொருள்கள் கழிவு நீருடன் வெளியேறும். ஆகவே, இக்கலம் நீரிலுள்ள உப்பை அகற்றுவதன்று. ஓர் உப்பைக் கொடுத்து மற்றோர் உப்பை வாங்கும் பண்டமாற்றே என்று கொள்க. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால் பழுதுகளில் பெரும்பாலானவற்றை வீட்டாரே கண்டுகொள்ளலாம்.

முதற் சோதனை

ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்க. ஒன்றிற் கலத்திற்குள் செல்லும் நீரையும், மற்றொன்றிற் கலத்தினின்று வரும் நீரையும் பாதியளவு நிரப்புக. குளியல் சோப்பைச் சீவி மழை நீரிற் கரைத்து, அக்கரைசலை இரண்டிலும் ஒரே எண்ணிக்கையான துளிகள் விட்டுக் குலுக்குக. மென்னீரில் நுரை எழுந்து நிற்கும். கடின நீரில் நுரை எழாது, பால் திரிந்தாற் போன்ற திரை மிதக்கும். துணி துவைக்கும் தூளை இச்சோதனைக்குப் பயன்படுத்தலாகாது. அது கடின நீரிலும் நுரைக்குமாதலின் நம்மை ஏமாற்றிவிடும்.

எண்ணிக்கையாக அறிய வேண்டின், 2019-இல் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து வழங்கிய நீர்ச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களும் உள்ளன.

இரண்டு புட்டிகளிலும் நுரை ஒன்றுபோல் எழாவிடின், உடனே மணிகளைக் குறை கூறற்க. கலத்தைச் சுற்றிச் செல்லும் மாற்று வழிக் குழாயின் திருகு திறந்திருக்கிறதா என்று முதலிற் காண்க. அது சிறிது திறந்திருப்பினும் கடின நீர் கலந்துவிடும்.

கணக்குப் பார்த்தல்

அடுத்து, கலத்தின் கொள்திறனைக் கணக்கிடுக. முறையாக உப்பு ஏற்றப்பெற்ற ஓர் இலிட்டர் மணி, ஏறத்தாழ 50 கிராம் கடினப் பொருளைப் பிடிக்கும். அவ்வம்மையார் வீட்டுக் கலத்தில் 25 இலிட்டர் மணிகள் இருந்தன. எனவே ஒரு தடவைக்கு 1,250 கிராம் பிடிக்கும். அவ்வீட்டு நீரின் கடினம் இலிட்டருக்கு 600 மில்லி கிராம். 1,250 கிராமை 0.6 கிராமால் வகுத்தால், சுமார் 2,080 இலிட்டர் நீருக்கு மட்டுமே கலம் தாங்கும் என்பது பெறப்படும். ஐவர் வாழும் அவ்வீட்டில் நாளொன்றுக்கு 500 இலிட்டர் செலவாகிறது. ஆதலின் நான்கு நாட்களுக்கு ஒரு முறை உப்பு ஏற்ற வேண்டும். அவர்களோ, விற்றவர் கூறியபடி வாரம் ஒரு முறையே ஏற்றி வந்தனர். கோடையில் நீர்மட்டம் இறங்கக் கடினம் கூடுவதும் உண்டு. எனவே மாரியிற் போட்ட கணக்கு வேனிலுக்கு உதவாது.

எனினும், உப்பு ஏற்றிய மறுநாளும் அவ்வீட்டு நீர் கடினமாகவே இருந்தமையால், பழுது இதனோடு முடிந்துவிடவில்லை.

உப்புநீர் உள்ளே செல்கிறதா?

25 இலிட்டர் மணிகளுக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோ கல்லுப்பு வேண்டும். அதனைப் பத்து விழுக்காட்டுக் கரைசலாக, அரை மணி நேரம் மெதுவாகச் செலுத்துதல் வேண்டும். கலத்தின் தலையிலுள்ள வால்வை உப்பேற்றும் நிலைக்குத் திருப்பிவிட்டு, உப்புநீர்த் தொட்டியில் நீர் நிற்கும் மட்டத்தில் கரிக்கோடு இட்டுக் காத்திருக்கச் செய்தோம். கால் மணி நேரம் கழிந்தும் நீர் கோட்டை விட்டு இறங்கவேயில்லை. பல வாரங்களாக உப்பு தொட்டியிலேயே கிடந்தது. மணிகளுக்கு ஒரு துளியும் எட்டவில்லை என்பது அப்பொழுதே விளங்கிற்று.

உப்புநீர் இறங்காமைக்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, தொட்டியின் அடியிற் படிந்த சேறு உறிஞ்சு குழாயை அடைத்திருக்கலாம். தொட்டியைக் காலி செய்து கழுவுதல் போதும்.

இரண்டாவது, தானியங்கிக் கலங்களில் உப்பு மேலே பாறைபோல் இறுகி, அடியில் வெற்றிடம் இருக்கலாம். மேலே காணுங்கால் உப்பு நிறைந்திருப்பதாகவே தோன்றும். மரக் கழியால் மெல்லக் குத்தி உடைக்க வேண்டும், கடப்பாரை ஆகாது.

மூன்றாவது, உப்புநீரை இழுக்கும் சிறு துளையுள்ள உறுப்பு மணலாலோ துருவாலோ அடைபட்டிருக்கலாம். அன்றி உறிஞ்சு குழாயிற் கீறல் ஏற்பட்டுக் காற்றை இழுக்கலாம். நீரை நிறுத்திவிட்டு உறுப்பைக் கழற்றி மென்மையான தூரிகையாற் கழுவுக. ஊசியாற் குத்தினால் துளை அகன்று, பின்னர் ஒருபொழுதும் இழுக்காது.

நான்காவது, நீரின் அழுத்தம் குறைந்திருக்கலாம். இதுவே அவ்வீட்டின் உண்மையான பழுது. கலம் முதலில் மோட்டார்க் குழாயோடு நேரே இணைக்கப்பட்டிருந்தது. ஆறு மாதம் கழித்து மாடியிற் புதுத் தொட்டி வைத்தவர், இணைப்பை மாற்றித் தொட்டிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார். நீர் பத்து மீட்டர் உயரத்தில் நின்றாலன்றி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிட்டாது. அத்தொட்டியோ கலத்திற்கு மேல் நான்கு மீட்டர் உயரமே. இழுக்கும் உறுப்பு ஒழுங்காக வேலை செய்ய ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாத அழுத்தம் வேண்டும்.

மோட்டார்க் குழாயினின்று ஒரு கிளைக் குழாயும் இரண்டு வால்வுகளும் பொருத்தி, மோட்டார் ஓடும்பொழுதே உப்பு ஏற்றச் செய்தோம். பட்டினி கிடந்த மணிகளுக்கு அடுத்தடுத்து இரு முறை உப்பு ஏற்றிய பின்னர், புட்டியில் நுரை எழுந்து நின்றது. புது மணிகளும் வேண்டியிருக்கவில்லை. புதுக் கடனும் வேண்டியிருக்கவில்லை.

மணிகள் உண்மையிற் கெட்டிருந்தால்

குழாய்களில் மஞ்சள் நிறச் சிறு மணிகள் வந்து விழுமாயின், கலத்தின் அடியிலுள்ள வடிகட்டி உடைந்துவிட்டது என்று அறிக. மணிகள் செந்நிறம் பூண்டிருப்பின், நீரிலுள்ள இரும்பு அவற்றின் மேற் படிந்திருக்கிறது. பயிற்சி பெற்றவரைக் கொண்டு கழுவுவித்து, கலத்திற்கு முன்னர் இரும்பை அகற்றும் வடிகட்டி வைத்தல் நலம். தொட்டியில் மிகுதியாக இடும் பிளீச்சிங் பவுடரும் மணிகளை நாளடைவிற் சிதைக்கும். உப்பு ஏற்றிய பின் நீர் கரித்தால், அலசியது போதாது. சுவை நீங்கும் வரை அலசுக.

குடிநீருக்கு ஆகுமா?

இக்கலம் குடிநீரைத் தூய்மை செய்வதன்று. கிருமிகளையோ, நைட்ரேட்டையோ, தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களின் சில பகுதிகளிற் காணும் ஃபுளோரைடையோ இது அகற்றாது. மேலும், 100 மில்லி கிராம் கடினம் நீங்குந்தோறும் 46 மில்லி கிராம் சோடியம் நீரிற் சேரும். மேற்கூறிய வீட்டில் இது இலிட்டருக்கு 276 மில்லி கிராம் ஆகும். இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உடையோர்க்கு இது தகாது. கைக்குழந்தைகளுக்குப் பால்மாவு கரைக்கவும் தகாது. ஆகவே அடுக்களைக் குழாயைக் கலத்தோடு இணைத்தல் வேண்டா. செடிகளுக்கும் மென்னீர் ஆகாது.

கழிவு நீர் எங்கே செல்கிறது?

இனி, நாம் கற்ற பாடத்தைக் கூறுவோம். கழிவு நீர் தெருவில் ஓடலாகாது, உறிஞ்சு குழி வெட்டுக என்று ஊர்தோறும் சொல்லி வருபவர்கள் நாம். அவ்வம்மையாருக்கும் அதையே சொல்லிவிட்டு வந்தோம். சில மாதங்கள் கழித்துச் சென்றபொழுது, உறிஞ்சு குழியின் ஓரத்தில் நின்ற வாழைகளின் இலை விளிம்புகள் தீய்ந்திருந்தன. அடுத்த வீட்டுப் பெரியவர், "எங்கள் கிணற்று நீர் முன்போல் இல்லை, கரிக்கிறது" என்றார். அவரிடம் எந்தக் கலமும் இல்லை, கடனும் இல்லை. இருந்தது அக்கிணறு ஒன்றே.

கணக்கிட்டபொழுது நமக்கே நாணமாக இருந்தது. நான்கு நாட்களுக்கு ஒரு முறை மூன்றே முக்கால் கிலோ எனில், ஓராண்டில் 300 கிலோவுக்கு மேற்பட்ட உப்பு. பத்து வீடுகள் இவ்வாறு செய்தால், மூன்று டன்னுக்கு மேற்பட்ட உப்பு ஓரூர் மண்ணில் இறங்கும். ஒரு வீட்டுக் குடம் பளபளக்க, ஊர்க் கிணறு கெடுவதோ?

பின்னர் மூன்று ஏற்பாடுகள் செய்தோம். முதலாவதாக, குளியலறைக்கும் துணி துவைப்பதற்கும் மட்டும் மென்னீர் செல்லுமாறு குழாயைப் பிரித்தோம். உப்புச் செலவு பாதியாகக் குறைந்தது. இரண்டாவதாக, உப்புநீரும் அதை அடுத்து வரும் முதல் அலசு நீரும் மட்டும், இரண்டு மீட்டர் நீள அகலமும் ஒரு சாண் ஆழமும் உள்ள சிமெண்டுப் பாத்தியில் தேங்கி வெயிலிற் காயுமாறு செய்தோம். மழைக்காலத்தில் அதற்குக் கூரை வேண்டும். காய்ந்த உப்பைக் கிணற்றுக்கும் ஓடைக்கும் அருகிற் கொட்டாது, சாக்கிற் கட்டி ஊராட்சியின் குப்பைச் சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும். மூன்றாவதாக, கூரை மழைநீரைத் தொட்டியிற் சேர்க்கச் சொன்னோம். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டிருப்பதை யாவரும் அறிவர். மழைநீர் இயற்கையிலேயே மென்னீர். நூறு சதுர மீட்டர்க் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், சேதம் போக 800 இலிட்டர் கிடைக்கும். அத்தனை நீருக்கும் உப்பு வேண்டா, மணி வேண்டா.

ஊர் அலுவலர்களுக்கும் குழுத் தலைவியர்க்கும் நாம் கூற விரும்புவது இதுவே. மென்னீர்க் கலத்திற்குக் கடன் கேட்டு ஒருவர் வரும்பொழுது மூன்று கேள்விகள் கேளுங்கள்: நீரைச் சோதித்தீர்களா? எத்தனை நாட்களுக்கு ஒரு முறை உப்பு ஏற்ற வேண்டும் என்று கணக்கிட்டீர்களா? கழிவு உப்பு எங்கே செல்லும்? மூன்றாவது கேள்வியை நாம் காலந் தாழ்த்திக் கேட்டோம். அப்பெரியவரின் கிணற்று நீரை மாதந்தோறும் சோதித்துக் குறித்து வருகிறோம். நீங்கள் அக்கேள்வியை முதலிலேயே கேட்பீர்களாக.