கரண்ட் இல்லாத ஃபிரிட்ஜ்!



ரெஃப்ரிஜரேஷன் பாடம் நடக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பதுதான் அம்மாவுக்குத் தெரிந்த டெக்னிக். அதனால்தானோ என்னவோ, காட்டையே ஃபிரிட்ஜாக வைத்திருக்கும் ஒரு பறவையைப் பற்றி லைப்ரரியில் படித்ததும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெயர் கனடா ஜே. காக்கைக் குடும்பம்தான்; எடை சுமார் 70 கிராம். வட அமெரிக்காவின் வடக்கே உள்ள ஊசியிலைக் காடுகளே இதன் இருப்பிடம். பனிக்காலம் வந்தால் பல பறவைகள் தெற்கே கிளம்பிவிடும். இது நகராது. பூச்சி, பழம், காளான், செத்த மிருகத்தின் இறைச்சி என்று கிடைத்ததையெல்லாம் பசை போன்ற தன் எச்சிலில் உருட்டி, மரப்பட்டை இடுக்குகளில் ஒட்டி வைக்கும். ஒரு இடம் ரெண்டு இடம் இல்லீங்க, ஆயிரக்கணக்கான இடங்கள்! வைத்த இடமும் ஞாபகம் இருக்கும். நானோ நேற்று வைத்த டிராஃப்டரை இன்றும் தேடுகிறேன்.

மரத்தில் ஒட்டியிருப்பதால் தரையைப் பனி மூடினாலும் சாப்பாடு கிடைக்கும். அந்த தைரியத்தில் மற்ற பறவைகள் திரும்பி வருவதற்கு முன்பே, மார்ச் மாதத்தில் முட்டையிட்டுவிடும். மைனஸ் 30 டிகிரி குளிரிலும் பெண் பறவை அடைகாக்கும். குஞ்சுகளுக்கும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் பங்கு.

இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. குளிர் விட்டு விட்டு வந்தால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும், இல்லையா? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள அல்கான்குவின் பூங்கா, இப்பறவை வாழும் பரப்பின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. 1960-களிலிருந்து அங்கே இவற்றின் கால்களில் வளையம் மாட்டிக் கவனித்து வருகிறார்கள். 1970-களில் இருந்ததில் பாதிகூட இப்போது இல்லை! இலையுதிர் காலத்தில் வெப்பம் கூடிவிட்டதால் சேமிப்பு அழுகிப்போகிறது என்பதே ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம். உறைவதும் உருகுவதும் மாறி மாறி அதிகம் நடந்தால், அடுத்து வரும் பருவத்தில் குஞ்சுகளும் குறைகின்றன.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான்: எந்த மரத்தில் ஒட்டுகிறது என்பதும் முக்கியமாம். சோதனையாக வைத்துப் பார்த்த உணவு, இலையுதிர் மரங்களைவிட ஸ்ப்ரூஸ், பைன் மரங்களில் நன்றாகத் தாக்குப்பிடித்தது. பிசினில் உள்ள ஏதோ கிருமிகளைத் தடுக்கிறது என்று கருதுகிறார்கள். ஆக குளிர்தான் கம்ப்ரெஸ்ஸர் என்றால், மரம்தான் பெட்டி! அல்கான்குவினில் மேப்பிள் போன்ற மரங்கள் மிகுந்த இடங்களைத்தான் பறவைகள் முதலில் காலி செய்தன. ஸ்ப்ரூஸ் மிகுந்த இடங்களில் இன்னும் ஜோடி ஜோடியாகக் குடியிருக்கின்றன.