பத்து நிமிட உதவி

"படி, படி என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் வாங்குவதில்லை" என்று நம் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பலர் புலம்புகிறார்கள். சொல்வதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அந்தக் காரியத்தைச் செய்யப் பிள்ளைக்கு எவ்வளவு சிரமம் ஆகிறது என்று பாருங்கள். சிரமம் குறைந்தால் செய்வார்கள். கூடினால் விட்டுவிடுவார்கள். பெரியவர்களும் அப்படித்தான்.

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கு அரசின் உதவி பெற, நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட 'ஃபாஃப்சா' படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. தகுதியுள்ள ஏழைக் குடும்பங்கள் பல அதைப் பார்த்தே ஒதுங்கின. 2008-இல் ஆய்வாளர்கள் சிலர் ஒஹாயோ மாநிலத்திலும் வட கரோலினாவின் சார்லட் நகரத்திலும் ஒரு சோதனை செய்தார்கள். வருமான வரிக் கணக்கு முடிக்க எச் அண்ட் ஆர் பிளாக் நிறுவனத்துக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பிரிவினருக்கு, அங்கேயே உட்காரவைத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். வரிக் கணக்கில் இருந்த விவரங்களே பெரும்பகுதிக்குப் போதுமாயின. மீதிக்குச் சுமார் பத்து நிமிடம்தான். இன்னொரு பிரிவினருக்கு, எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

பள்ளி இறுதியாண்டில் இருந்த பிள்ளைகளில், அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டாண்டு கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் உதவி பெறாத குடும்பங்களில் 28 சதவீதம். படிவம் நிரப்பித் தரப்பட்ட குடும்பங்களில் 36 சதவீதம். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் எதுவும் தென்படவில்லை! ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிப்புச் செய்தால் மட்டும் விண்ணப்பங்கள் வந்து குவிந்துவிடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் பிள்ளைகளின் உதவித்தொகையும் இப்படித்தான் கைநழுவுகிறது. வருமானச் சான்றிதழ் ஒரு இடத்தில், வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு இன்னொரு இடத்தில். கூலிக்குப் போகும் அத்தாவுக்கு ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் சம்பளம். ஆகவே ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், மதிப்பெண் பட்டியல் நான்கின் நகலையும் இப்போதே ஒரே உறையில் போட்டு வையுங்கள். கடைசித் தேதிக்குக் காத்திருக்காமல் உறையோடு அலுவலகத்துக்கு வந்தால், இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம்.

வேண்டாத பழக்கத்துக்கு இதே வழி தலைகீழாக. செல்போனைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். சார்ஜரை உம்மாவின் அறைக்கு மாற்றிவிடுங்கள். மஃரிபுக்குப் பிறகு போன் அங்கேதான் இருக்கும் என்பது வாப்பாவுக்கும் சேர்த்து. பாடப்புத்தகம் பைக்குள் இருக்க வேண்டாம், விரித்தபடி மேசையில் இருக்கட்டும்.